பச்சை நூல் அடைத்த பாட்டில்

12.3.98, வியாழன்

மங்கம்மா அக்காவின் கை தப்பித்தது.

வீட்டில் சாயம் போட்டு மிஞ்சிய ஆசிட்டைக் காலையில் நான்தான் தெருக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பாட்டிலுக்கு மூடி இல்லை. கழிவுப் பட்டு நூலைச் சுருட்டி அடைத்திருந்தேன். ஆசிட் பட்டு நூலையும் தின்னும் என்று தோன்றவே இல்லை.

தெரு பெருக்கும் மங்கம்மா அக்கா சற்று நேரத்தில் வாசலில் வந்து நின்றார். மண் போட்ட தகர டப்பாவில் அந்தப் பாட்டிலை நிறுத்தியிருந்தார். அடைப்பு பாதி கருகிவிட்டது. மீதி மயில்கழுத்துப் பச்சை. இந்த வாரம் தெருவில் எங்கள் தறியில் மட்டும்தான் அந்த நிறம்.

"பழைய கடைக்குப் போடலாம்னு எடுக்கப் போனேன் பாப்பா. நெடி ஏறுச்சு, கைய இழுத்துக்கினேன். உங்க வூட்டுதுதான?"

ஆமென்று தலையை ஆட்டினேன். உள்ளே அப்பா நெய்துகொண்டிருந்தார். அக்கா கத்தியிருந்தால் தெருவே கூடியிருக்கும். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னாத்துக்கு அழுவுற? எங்கயும் ஊத்திடாத. வாங்கின எடத்துலயே குட்த்துடு."

டப்பாவோடு சாயக்கடைக்கு நானே போனேன். கடைக்காரர் "இன்னாம்மா?" என்று கேட்டதும், "ஆசிட் மிச்சம்" என்று டப்பாவை நீட்டினேன். வாங்கி உள்ளே வைத்தார்.

மாலையில் அக்காவுக்கு டீ கொடுத்தேன். டம்ளரைப் பிடித்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா எண்ணிகினு கீற? பத்தும் கீது" என்று சிரித்தார்.