பானட்டில் பதிந்த நாலரை விரல்

ட்ரங்கி, ஆஸ்திரேலியா,
ஆகஸ்ட் 25

என் செல்ல மகள் பிரையனிக்கு உன் கிளாரி சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி நோலீன், கிழட்டு நாய், முன்னூறு ஆடுகள் எல்லோரும் சுகம், அங்கே கோடையிலும் குளிரடிக்கிற ஸ்காட்லாந்தில் நீயும் மாப்பிள்ளை ஈவனும் சளி பிடிக்காமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். கல்யாணத்தன்று அப்பாவுடைய பிக்கப்பில்தான் சர்ச்சுக்குப் போவேன் என்று நீ போனில் சொன்னாயே, அன்றைக்கே கையில் எமரித்தாளை எடுத்தவன் நான். உன் அப்பா போய் நீ எங்கள் பிள்ளையாக வந்த வருஷத்திலிருந்து கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த வண்டி அது. கதவு, பானட், பின்கதவு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, பழைய பெயின்டைச் சுரண்டினேன், மொத்தம் ஒன்பது கோட் இருந்தது, சித்தி இரண்டு என்பாள், அவளுக்குக் கண் சரியில்லை. ஒடுக்கெடுத்து, பட்டி வைத்து, பிரைமர் அடித்து, வாட்டர் பேப்பரில் நான் தேய்த்த தேய்ப்பில் பானட்டில் உட்கார்ந்த ஈ வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டது.

தெருக்கோடியில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற டார்சி, கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் இரவல் கொடுத்தான். அன்று காலையில் ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்துவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்தேன், தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்தேன், உன் அப்பாவின் அதே வெளிர்பச்சையை அடித்தேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை மகளே, பானட்டிலும் பின்கதவின் உட்புறத்திலும் பெயின்ட் விலகி விலகி அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துவிட்டது. எண்ணெய் பட்ட இடத்தில்தான் பெயின்ட் ஒட்டாமல் இப்படி விலகும். எனக்கு வந்த கோபத்தில் டார்சிக்குப் போன் போட்டு, உன் மெஷின் எண்ணெய் கக்குதுடா, எம்பொண்ணு கல்யாணத்தையே கெடுத்துட்டியேடா என்று கத்திவிட்டேன். அவன் வந்தான், முப்பது வருஷமா இதுலதான் அடிக்கிறேன், ஒரு வண்டி அழுததில்ல, நீ வெள்ளையடிக்கிற மட்டைய வச்சுப் பூசிக்கோ போ என்று கம்ப்ரசரைத் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். கல்யாணத்துக்கு ஆறே வாரம், சுற்றுவட்டாரத்தில் வேறு கம்ப்ரசர் இல்லை. உனக்குக் கொடுத்த வாக்கு போச்சே என்று வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டேன்.

சித்தி டீ கொண்டுவந்தவள் பானட்டைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தாள். கிளாரி, எண்ணெய் கக்குற மெஷினுக்கு நாலரை விரல் இருக்குமா என்றாள். பார்த்தால் குழியெல்லாம் சேர்ந்து ஒரு கை. சுண்டுவிரல் மட்டும் பாதி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது முதலை கடித்தது என்று உன்னிடம் சொன்னேனே, ரோமம் கத்தரிக்கிற மெஷினில் போன அதே விரல். பெயின்ட் அடிக்கும் முன் குதிரையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி, அடடா என்ன வழவழப்பு என்று தட்டிக்கொடுத்திருக்கிறேன், ஆட்டுரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே கையில் இருந்திருக்கிறது.

என்ன செய்ய, பானட்டையே தூக்கிக்கொண்டு டார்சி கடைக்குப் போய் அதன்மேல் என் கையை வைத்துக் காட்டி, தப்பு என் மேலதாம்ப்பா என்றேன். விரலை எண்ணிப் பார்த்தான், பழைய டயர்மேல் உட்கார்ந்து சிரித்தான், கைரேகையோட வந்து சரணடையுற திருடன இப்பத்தான்யா பாக்குறேன் என்றான். மறுநாள் கம்ப்ரசரோடு அவனே வந்தான். மூன்று தடவை சோப்புப் போட்டு என் கையைக் கழுவவைத்து, அதற்குமேல் கையுறையும் மாட்டிவிட்டுத்தான் ஸ்ப்ரே கன்னைக் கொடுத்தான். காய்ந்த பிறகு சோப்புத் தண்ணீர் விட்டு மெல்லிய வாட்டர் பேப்பரால் தேய்த்து, ஓரங்களில் பெயின்ட் தேய்ந்துவிடாமல் டேப் ஒட்டி, இருவரும் மாற்றி மாற்றிப் பாலிஷ் போட்டோம். இப்போது ஒரு மேக்பை பறவை பானட்டில் தன்னையே பார்த்து தினமும் சண்டைக்கு வருகிறது, போர்வை போர்த்தி வைத்திருக்கிறோம். உன் வெள்ளை கவுனில் ஒரு பொட்டுப் பச்சை ஒட்டாது, பயப்படாதே.

பின்கதவின் உட்புறத்தையும் அடித்துவிடலாம் என்றான் டார்சி. அங்கேயும் அதே நாலரை விரல் பதிந்திருக்கிறது, நான்தான் வேண்டாம் என்றேன். வண்டி உன் அப்பாவுடையதுதான். உன்னைத் தூக்கி வளர்த்த கை எது என்று மாப்பிள்ளை வீட்டார் கதவைத் திறந்து எண்ணிப் பார்க்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. நீயும் ஈவனும் அந்தப் பிக்கப்பைப் போல அறுபது வயதிலும் பளபளவென்று இருக்கக் கர்த்தர் அருள் புரியட்டும். ஒன்று மறக்காதே, சம்பந்தி என் விரலைப் பற்றிக் கேட்டால் முதலை என்றே சொல்.

உன் வருகைக்காகக் கையைக் கழுவிக்கொண்டு காத்திருக்கும்,
கிளாரி சித்தப்பா