இரண்டு களஞ்சியமும் ஒரு பிறந்த நேரமும்

நவம்பர் 3, திங்கள்

காலையில் தூறல். கடைக் கதவு ஊறிப்போய்த் திறக்கவில்லை. உதைத்துத் திறந்தேன். பெருவிரலில் நோ.

இன்றைய வேலை:
– அடையாள அட்டை விண்ணப்பம் 3
– போட்டோக்கொப்பி, எண்ணவில்லை (மை முடியப்போகிறது)
– சாதகம் 1, பொருத்தம் 1
– 304 சீட்டு, கணினியோடு, ஆறு ஆட்டம். நாலில் வெற்றி. (வேலையில் சேராது. நேரம் போனது உண்மை.)

சாதகமும் பொருத்தமும் மனோன்மணி அக்காவுக்கு. இனி ம.அ. மகள் தர்சினிக்குக் கரவெட்டிப் பெடியன் ஒருவனைப் பேசி வருகிறார்கள். தைக்குள் முடிக்கவேண்டுமாம். பெடியன் விசாகம், பழைய கையெழுத்துச் சாதகம், வாக்கிய பஞ்சாங்கப்படி. பெட்டையின் பிறந்த நேரத்தைக் கணினிக்குக் கொடுத்தேன், காலை 6.17. உத்தரம் என்று வந்தது. உத்தரமும் விசாகமும் ஒரே ரச்சு, அதாவது பொருத்தமில்லை. ரச்சு பொருந்தாவிட்டால் மிச்சம் ஒன்பதும் பொருந்தினாலும் எங்கள் ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்கள்.

ம.அ.: "எடேய் தம்பி, பிள்ளை பூரமெல்லோ?"

"கொம்பியூட்டர் உத்தரம் எண்டுது அக்கா."

"முந்தியும் நீதானே அடிச்சுத் தந்தனி. பூரம் எண்டுதான் கிடந்தது."

முந்தி என்றால் இரண்டு வருடத்துக்கு முன். எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "அப்ப நேரத்தை நீங்கள் மாறிச் சொல்லியிருப்பியள். மெசின் பொய் சொல்லாது."

ம.அ. எழும்பினார். தாளை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். குடையை மறந்து போய், திரும்பி வந்து எடுத்துப் போனார்.

பின்னேரம் தேத்தண்ணிக் கடை. மழைக்கு ஒதுங்கின ஏழெட்டுப் பேர். ஐந்து பேருக்கு மேல் கண்டால் என் வாய் தானாகத் திறக்கும். "தான் பெத்த பிள்ளை பிறந்த நேரம் தெரியாத தாயைக் கண்டிருக்கிறியளோ?" என்று தொடங்கினேன். ம.அ. மாதிரியே கையை நாடியில் வைத்து, "பிள்ளை பூரமெல்லோ" என்று இழுத்துக் காட்டினேன். ஒருவர் வடையைக் கையில் வைத்தபடி குலுங்கினார். சிரித்தபடி, நல்ல புளுகத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. மின்சாரம் இரண்டு தரம் போய் வந்தது.

கலியாணப் புறோக்கர் கந்தையாண்ணை வந்தார். சாதகப் பை குடைக்குள், தான் குடைக்கு வெளியே.

"தம்பி, கரவெட்டிப் பகுதி பின்வாங்கீட்டுது."

"ரச்சுக்கோ?"

"ரச்செண்டால் ஏதும் பரிகாரம் கதைக்கலாமே. நேரமே சரியில்லாத சாதகமாம். தாய்க்கே நேரம் தெரியாதாம். வயசைக் குறைச்சுச் சொல்லுகினமோ எண்டும் கேக்கினம். உந்தக் கதையை ஆர் அங்கை கொண்டுபோனது?"

"ஆரோ" என்றேன்.

"உந்த ஊரிலை வாய்க்கும் லைசன்ஸ் எடுக்க வைக்கோணும்."

"ஓமோம்" என்று நானும் தலையாட்டினேன். புத்தூர்த் தேத்தண்ணிக் கடையிலிருந்து கரவெட்டிக்கு என் பகிடி ஒரே நாளில் போயிருக்கிறது. பஸ்சே சில நாள் போவதில்லை.

மத்தியானம் மனைவி வதனி சோறு போட்டபடி: "மனோன்மணியக்காவைச் சங்கக்கடையிலை கண்டனான். ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. அரிசியை வாங்கினா, போயிட்டா. என்னப்பா நடந்தது?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டாம் தரம் நான் போடக் கேட்கவில்லை. அதை வதனி கவனித்தாள்.

நவம்பர் 5, புதன். போயா.

வெயில். பௌர்ணமி, அரசாங்க விடுமுறை. தர்சினி (பிரதேச செயலகத்தில் வேலை) நேரே கடைக்கு வந்தாள். மேசையில் இரண்டு தாளை வைத்தாள். ஒன்று திங்கட்கிழமை அடித்தது. மற்றது இரண்டு வருடத்துக்கு முந்தியது, லமினேட் பண்ணியது. பண்ணியதும் நான்தான். கிழிக்கவும் வழியில்லை.

"மாமா, இதிலை 6.17, பூரம். இதிலை 6.17, உத்தரம். நேரம் மாறேல்லை. பிறந்த ஊர் மாறேல்லை. கொம்பியூட்டரும் இதேதான். அப்ப மாறினது என்ன?"

"பாக்கவேணும் பிள்ளை."

"அம்மா ரண்டு நாளா ஒரே கதை. இடம்பெயர்ந்து கொடிகாமத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை இருக்கேக்கைதான் நான் பிறந்தனான். மருத்துவிச்சி தன்ரை கை மணிக்கூட்டை அம்மாவுக்குக் காட்டினவவாம். எழுதி வைக்க ஒரு துண்டுத் தாள் இல்லை. மறந்துபோடுவன் எண்டு ஒரு கிழமையா ஆறு பதினேழு, ஆறு பதினேழு எண்டு வாய்க்குள்ளை சொல்லிக்கொண்டு கிடந்தவவாம். இப்ப என்னட்டைக் கேக்கிறா, 'பதினேழோ இருபத்தேழோ பிள்ளை?' எண்டு."

போய்விட்டாள். கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கடையைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்தேன். இரண்டு மணித்தியாலம். கண்டுபிடித்தது:

1. என் கணினியில் இருப்பது லினக்ஸ். மென்பொருளைக் களஞ்சியத்திலிருந்து எடுக்கவேண்டும். அதற்கென்று சொந்தக் களஞ்சியம் உண்டு. கூட்டுறவுச் சங்கக்கடை மாதிரி, சரக்குப் பழசு, ஆனால் பார்த்து நிறுத்து வைத்தது. சாதக மென்பொருளை அங்கேயிருந்துதான் எடுத்தேன். இரண்டாம் பதிப்பு. வாக்கியக் கணக்கு.

2. மே மாதம் வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்தேன். யாருடையது என்று தெரியாது. லொறியில் வந்து சந்தியில் நின்று விற்கிறவன் மாதிரி. "இந்த மூலத்தை நம்புகிறீர்களா?" என்று கணினி கேட்டது. ஆம் என்று அடித்தேன். ஊர் பேர் விசாரிக்கவில்லை. கந்தையாண்ணை ஒரு பெடியனுக்கு ஒன்பது வீட்டில் விசாரிப்பார்.

3. ஏன் சேர்த்தேன்? 304 விளையாட. சங்கக்கடையில் உலகத்துச் சீட்டெல்லாம் இருந்தது, எங்கள் 304 இல்லை.

4. லொறிக்காரனிடம் 304 மட்டும் இல்லை. அதே சாதக மென்பொருளும் அதே பெயரில் இருந்தது, மூன்றாம் பதிப்பு. அது திருக்கணிதக் கணக்கு, மற்றப் பஞ்சாங்கம். அடுத்த மேம்படுத்தலின்போது கணினி இரண்டு களஞ்சியத்தையும் பார்த்து, எண் பெரியதை எடுத்துக்கொண்டது. என்னிடம் கேட்டுத்தான் எடுத்தது. நீளமான பட்டியல். வாசிக்காமல் அதற்கும் ஆம்.

5. திருக்கணிதம் பிழையென்று எழுதமாட்டேன். பாதி ஊர் அடிக்க வரும். பிழை, கலந்தது. பெடியனுக்கு வாக்கியம், பெட்டைக்குத் திருக்கணிதம். பிள்ளை பிறந்தது பூரம் முடிகிற கரையில். ஒரு கணக்கில் கரைக்கு இந்தப் பக்கம், மற்றக் கணக்கில் அந்தப் பக்கம்.

6. கடைச் சுவரில் என் கையெழுத்தில் அறிவித்தல்: "வெளியார் பென்டிரைவ் செருகத் தடை."

மே மாதத்துக்குப் பிறகு அடித்த சாதகங்களை எல்லாம் திரும்பப் பார்த்தேன். வேறு ஒருவருக்கும் நட்சத்திரம் மாறவில்லை. ம.அ. ஒருவருக்குத்தான். அவரிடம்தான் நான் மெசின் பொய் சொல்லாது என்றும் சொன்னேன்.

நவம்பர் 6, வியாழன்

மப்பு வானம். பழைய பதிப்பைச் சங்கக்கடையிலிருந்து திரும்ப எடுத்துப் போட்டேன். பூரம். ரச்சு பொருந்துகிறது. இரண்டு நிமிடம் சந்தோசம்.

இனி வெளிக் களஞ்சியத்தைத் துடைக்கவேண்டும். துடைத்தால் 304உம் போகவேண்டும். வேறு வழியும் உண்டு: அதன் முன்னுரிமையைக் குறைத்து வைத்தால் சாதகம் சங்கக்கடையில், சீட்டு லொறிக்காரனிடம், இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும். அப்படியே செய்தேன். விசயம் தெரிந்தவர்களும் செய்கிற வழிதான். நான் செய்த காரணம் வேறு.

ம.அ.வுக்கு என்ன சொல்வது?
(அ) மின்சாரம் போய் வந்ததில் கணக்குக் குழம்பிவிட்டது
(ஆ) வைரஸ்
(இ) வெளிநாட்டிலிருந்து தானாக வந்த மேம்படுத்தல்
(ஈ) நான்

வதனிக்கு வாசித்துக் காட்டினேன். முருங்கைக்காய் சீவியபடி கேட்டாள்.

"ஏன் இவ்வளவு எழுத்து? கடையிலை இருந்து சீட்டு விளையாடினனான் எண்டு சொல்லுங்கோவன்."

இவளுக்குத் தெரியுமென்பது எனக்குத் தெரியாது.

"எப்பவிருந்து தெரியும்?"

"கடைக்குப் போன் எடுக்கிற நேரமெல்லாம் 'துரும்பு, துரும்பு' எண்டு வாய்க்குள்ளை சொன்னால்? வாடிக்கையாளரோ துரும்பு கேக்கினம்?"

இன்று போகவில்லை. மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மழை. போனேன்.

ம.அ. "வா தம்பி" என்றார். வழக்கமாக "வாடா தம்பி". அந்த "டா" இல்லாத கதிரையில் இருப்பது கஷ்டம்.

வழியெல்லாம் (ஈ) என்று பாடமாக்கிக்கொண்டு போனேன். வாயைத் திறந்தால் (அ) வந்தது. "கரண்ட் போய் வந்ததிலை அக்கா…"

வேலைக்கு வெளிக்கிட்டு நின்ற தர்சினி: "மாமா, கரண்ட் போனது செவ்வாய். நீங்கள் அடிச்சது திங்கள்."

304இல் போல, கவிழ்த்து வைத்திருந்த துரும்புச் சீட்டைத் திறந்தேன். களஞ்சியம், லொறிக்காரன், பெரிய எண், எல்லாம்.

"304 விளையாடவோ?" தர்சினி.

"ஓம்."

"ஆரோடை?"

"கொம்பியூட்டரோடை."

"வெண்டியளோ?"

"இடைக்கிடை."

ம.அ. இது ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"அப்ப ஆறு பதினேழு சரி?"

"சரி அக்கா."

"இருபத்தேழு இல்லை."

"இல்லை அக்கா."

"திருப்பிச் சொல்லு."

"ஆறு பதினேழு."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். சீமெந்தில் ஒரு வெடிப்பு, கதிரைக் காலடியிலிருந்து கதவு வரைக்கும். எழும்பலாமோ என்று யோசிக்க,

"தேத்தண்ணிக் கடையிலை என்னை மாதிரிக் கதைச்சுக் காட்டினியாம். நல்லாயிருந்ததாமே."

கண் திரும்பச் சீமெந்து வெடிப்புக்குப் போனது.

"நாளைக்கு அதே கடையிலை, அதே ஆக்களுக்கு, உன்னை மாதிரிக் கதைச்சுக் காட்டு."

படலையடியில் தர்சினி கேட்டாள்: "அந்தக் களஞ்சியத்தை எடுத்துப்போட்டியளோ மாமா?"

"ஓம்" என்றேன். பொய். கடைக்கு வந்து முதல் வேலையாக எடுத்தேன், 304ஓடு சேர்த்து. கடைசியாக ஓர் ஆட்டம் ஆடவில்லை. (தொடங்கினேன். நடுவில் நிறுத்தினேன். நல்ல கை.)

நவம்பர் 8, சனி

மழையில்லை. மழையில்லாவிட்டால் கடையில் ஒதுங்க ஆட்கள் இருக்காது என்று நம்பிப் போனேன். பதின்மூன்று பேர். கந்தையாண்ணை முன் வாங்கில். யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

செய்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வயிற்றைத் தள்ளி, கதிரையில் சாய்ந்து, ஒரு விரலால் தட்டி, "மெசின் பொய் சொல்லாது." திங்கட்கிழமையைவிடப் பெரிய சிரிப்பு. அன்று வடையோடு குலுங்கியவருக்குப் புரைக்கேறியது. என்னை நான் இவ்வளவு நன்றாகப் பிடிப்பேன் என்று நினைக்கவில்லை. "நேரத்தை நீங்கள் மாறிச் சொல்லியிருப்பியள்" என்ற இடத்தில் மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. தேத்தண்ணி ஆற்றுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். எழும்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "முன்னூற்றிநாலு, பிளேன்ரீ குடிச்சிட்டுப் போமன்." இனி இதுதான் என் பெயர். சாகிற வரைக்கும்.

கந்தையாண்ணை போனை நீட்டினார். "பெடியன்ரை தேப்பன். நேரத்தை நீரே உம்மடை வாயாலை சொல்லும்."

"ஆறு பதினேழு" என்றேன்.

"நிச்சயமோ? உதுவும் கொம்பியூட்டர் சொன்னதோ?"

"இல்லை ஐயா. தாய் சொன்னது."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம். எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்க வாய் வந்தது. பொத்திக்கொண்டேன்.