கொரேரா என்ற பெயரில்

இஞ்சேருங்கோ,

சமையலறை மேசையில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி கிடக்கிறது. உள்ளே மரபணுச் சோதனைக்கு எச்சில் துப்பி அனுப்பும் குழாய். மகள் நேற்று ஓல்போர்க்கிலிருந்து வந்து வைத்துவிட்டுப் போனாள். கொரேரா என்ற எங்கள் குடும்பப்பெயர் போர்த்துக்கலில் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறியது என்று கண்டுபிடிக்கப் போகிறாளாம்.

"அப்பான்ர பக்கத்தைப் பிரிச்சுப் பாக்க உங்கட எச்சிலும் வேணும் அம்மா" என்றாள். அவளுக்கு இப்போது ஆறு மாதம். வரப்போகிற பிள்ளைக்கும் அந்தப் பெயர்தான். மருமகன் டேனிஷ்காரன், தன் பெயரை விட்டுவிட்டு நம்முடையதை எடுத்துக்கொண்டவன். கேட்க அழகாக இருக்கிறதாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

கொரேரா யாரோ ஒரு நீர்கொழும்புக்காரன். ஏஜென்சிக்காரன் அவனுடைய பாஸ்போர்ட்டில் உங்கள் படத்தை ஒட்டித் தந்தான். டேனிஷ் மண்ணில் இறங்கிய அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "விசா கிடைக்கட்டும், மாத்துவம்" என்றீர்கள். பிறகு குடியுரிமை கிடைக்கட்டும் என்றீர்கள். பிறகு, "பிள்ளை பள்ளிக்கூடம் போகுது, இனி ஏன் கிண்டுவான்? ஒருத்தருக்கும் மூச்சு விடாதை" என்று என் வாயைக் கட்டினீர்கள். ஊரில் என்றால் தகப்பன் பெயர் பிள்ளையோடு முடிந்துவிடும். இங்கே அது முடியாது. ஒருமுறை எழுதினால் பேரப்பிள்ளை வரைக்கும் போகும். அதை நீங்கள் யோசிக்கவில்லை, எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நீங்கள் ஊருக்கு வரமுடியாமல் திருச்சி மாதா கோவிலில் நடந்த நம் கலியாணம் நினைவிருக்கிறதா? கடுதாசிகளெல்லாம் அவன் பெயரில். வார்த்தைப்பாடு சொல்லும்போது புருசன் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். கூச்சத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நீங்கள் மெல்ல, "சொல்லும், சொல்லும்" என்றீர்கள். சொன்னேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உங்கள் பெயரென்று சொன்னது, கண்ணால் காணாத ஒருவனுடைய பெயரை.

விபோர்க்கில் உங்கள் கல்லறைக் கல்லிலும் அவன் பெயர்தான். பக்கத்தில் எனக்கு விட்டிருக்கும் இடத்திலும் அதுதான் வரும். சொன்னால் மகளுக்குத் தகப்பன் கள்ளனாகிவிடுவார். சொல்லாவிட்டால் யாரோ ஒருவனின் பாட்டன்மாரைத் தேடி அவள் போர்த்துக்கலுக்குப் போவாள். எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டாள்.

சற்று முன் அவளே போன் எடுத்தாள்.

"துப்பீட்டீங்களோ?"

"வாய் காயுது பிள்ளை. பின்னேரம் பாப்பம்."

"சரி, இதைச் சொல்லுங்கோ. அப்பாவை நீங்கள் என்னெண்டு கூப்பிடுறனீங்கள்? இந்தக் குடும்ப மரத்தில செல்லப்பெயருக்கு ஒரு இடம் இருக்கு."

"இஞ்சேருங்கோ."

"அது பெயரே?"

"எனக்கு அதுதான் பெயர்."

எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவள் போட்ட குடும்ப மரத்தில் உங்களுடையது என்று இருப்பது அது ஒன்றுதான்.

குழாய் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. உங்கள் உண்மைப் பெயர் என் வாய்க்குள்தான் இருக்கிறது. இன்றைக்கும் சொல்ல வரவில்லை, இஞ்சேருங்கோ.