பெட்டியின் மேல் நான்கு கைகள்

அன்புத் தங்கைக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே நலம். நம் சோப்புப் பெட்டிக்குப் படம் போட ஒரு டிசைனர் கிடைத்துவிட்டாள். சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முதலில் வந்தவர் செல்போனில் நாற்பது படங்களைக் காட்டி, "ஒண்ணைத் தொடுங்க, வேலை முடிஞ்சுது" என்றார். அடுத்தவர் சோப்பைக் கையில்கூட எடுக்கவில்லை. இந்தப் பெண் மட்டும் நேராகச் சமையலறைக் குழாய்க்குப் போய், நுரை பொங்கக் கை கழுவிப் பார்த்தாள்.

"வாசனை அலட்டலே இல்லக்கா. பெட்டியும் அலட்டாம இருக்கட்டும்" என்றாள். இவள்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிறகு, "இதை யாருக்கா செய்யறது?" என்று கேட்டாள்.

"நானும் என் தங்கச்சியும்" என்றேன். மூன்று வருஷம் இரண்டு மாதமாக நான் ஒருத்திதான் காய்ச்சுகிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் அவள், ஒரே பாத்திரத்தைச் சேர்ந்து பிடித்திருக்கும் நான்கு கைகளை வரைந்துவிட்டாள். அவ்வளவு அழகு. மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பொய்யை அச்சடித்து விற்றால் சாமி பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரு நாள் வந்து என்னோடு பாத்திரத்தைப் பிடி. நீ கோபித்துக்கொண்டு போன அன்றைக்கு யார் என்ன சொன்னோம் என்ற பேச்சை நான் எடுக்கமாட்டேன், நீயும் எடுக்காதே.

வாசல் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும்
உன் அக்கா