ஓட்டாத ஆறாவது ரீல்

கும்மிடிப்பூண்டி
28.1.1954

அத்தைக்கு மாப்பிள்ளை தயாளன் வணக்கம். மரகதம் போய்விட்டாள் என்ற உங்கள் தந்தி சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வந்தது. இன்றோடு நாற்பத்தோரு நாள். இன்னமும் அந்த நேரத்துக்குக் கை வேலை செய்யமாட்டேன் என்கிறது. மற்றபடி சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

நேற்று எங்கள் டூரிங் டாக்கீஸில் ஒரு வேடிக்கை. புதுப் படம். செத்துப்போன பெண்டாட்டி மறுபடி எங்கே பிறந்தாள் என்று ஒரு விஞ்ஞானி மெஷின் செய்து தேடுகிறான். அவள் சாகிற ஆறாவது ரீலைக் கையில் எடுத்தேன். வெறும் பிலிம்தான், தெரியும். ஆனாலும் மாட்ட முடியவில்லை. ஏழாவதை ஓட்டிவிட்டேன்.

தரை டிக்கெட்டில் ஒருவர் எழுந்து, "யோவ் ஆப்பரேட்டரு, சாவாதவ எப்படிய்யா மறுபடி பொறந்தா?" என்று கத்தினார். கொட்டகையே சிரித்தது. முதலாளி ஓடிவந்து, "இன்னாப்பா, தூங்கிக்கினு இருந்தியா? நாளைக்கும் இப்டிப் பண்ணா ஊட்டுக்குக் கெளம்பு" என்றார். டிக்கெட் கொடுக்கும் கங்கம்மாதான், "உடு நைனா, அவ சாவாத படம் நல்லாத்தான் கீது" என்றாள்.

இங்கே பனி அதிகம். மரகதத்தின் போர்வையைப் பார்சலில் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

எலெக்ட்ரிகல் படித்த நான் மறுபிறப்பை நம்புகிறவன் இல்லை. ஆனால் படத்தில் அவள் மறுபடி பிறந்து வந்து புருஷனை அடையாளம் கண்டுகொள்கிறாள். அப்படி நடக்குமா என்று உங்கள் கோயில் குருக்களைக் கேட்டு எழுதுங்கள். நான் கேட்டதாகச் சொல்லவேண்டாம்.

முதல் மணி அடித்துவிட்டார்கள். இன்று ஆறாவது ரீலை ஓட்டித்தான் ஆகவேண்டும்.

தயாளன்