மூன்று பிரிவும் பச்சை

ஜூன் 16, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வரும் போல இருந்தது, வரவில்லை. ஈசூனிலிருந்து ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைய நல்ல செய்தி அது ஒன்றுதான்.

வாங்க வேண்டியது: டேப், கையுறை (சின்ன சைஸ், மறுபடியும் பெரியதை அனுப்பிவிட்டார்கள்), வீட்டுக்கு மல்லித்தூள்.

சமையல்கூடச் சுவரில் புதுப் படம். மேலே ஒரு பெட்டி, ஷமீமா. கீழே மூன்று. சமையல்: கோவிந்தன் அண்ணன். பாக்கிங்: மல்லிகா, அதாவது நான். டெலிவரி: சுரேஷ். மூன்றிலிருந்தும் மேலே ஷமீமாவுக்குக் கோடு போகிறது. பக்கத்துப் பெட்டிக்குக் கோடு இல்லை.

"ஒருத்தர் வேலைல ஒருத்தர் தலையிடாம இருந்தா எல்லாம் ஸ்மூத்தா போகும்க்கா" என்கிறாள் ஷமீமா. கெட்ட பெண் இல்லை. அவள் அப்பா, எங்கள் பழைய முதலாளி பாய்க்கு, முட்டி ஆபரேஷன் ஆனதும் அவருடைய கேட்டரிங்கைக் காப்பாற்ற, இருந்த பேங்க் வேலையை விட்டு வந்தவள். ஆர்டர் இரண்டு மடங்கானது அவளால்தான். அதையும் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இலக்கு, அது போன மாதமே வந்தது. சமையல், அண்டா ஏழு மணிக்குத் தயார். நான், எல்லா டப்பாவும் ஒன்பதரைக்குள். சுரேஷ், சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் வாசலில். முடித்தால் பச்சை வட்டம், தவறினால் சிவப்பு. மாதம் முழுக்கப் பச்சை வாங்கும் பிரிவுக்கு அடுத்த மாதம் இரண்டு ஞாயிறு லீவு. எனக்கு அந்த இரண்டு ஞாயிறும் வேண்டும். மகள் கவிதாவின் நிச்சயதார்த்தம். இந்த மாதம் இதுவரை எனக்கு ஒரு சிவப்பும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

நல்ல மழை. பின்சந்தில் கணுக்கால் தண்ணீர். குடை உடைந்தது.

ஆறு மணிக்கே அண்டா என் மேசைப் பக்கம் வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் ஆவி இல்லை. கோவிந்தன் அண்ணனிடம் போனேன்.

"எத்தனை மணிக்கு அடுப்புலேர்ந்து இறக்குனீங்க?"

"அஞ்சரை."

"ஏழுக்குத்தானே கேட்டாங்க?"

"ஏழுன்னா ஆறரைக்காவது இருக்க வேணாமா? கேஸ் தீந்துபோச்சுன்னா? அதுக்கு ஒரு அரை மணி. அப்புறம் நீதானே கேட்ட, அரை மணி முன்னாடி குடுங்கண்ணேன்னு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. போன மாதம் எனக்கு ஒரு சிவப்பு விழுந்தபோது கெஞ்சிக் கேட்டேன். நான் ஏன் கேட்டேன்? சுரேஷ் என்னிடம் அரை மணி கேட்டான். "எக்ஸ்பிரஸ்வேல ஜாம் ஆனா நான் என்னக்கா பண்றது, பறக்கவா முடியும்?" என்றான். அதுவும் நியாயம்தான். ஆளாளுக்கு ஓர் அரை மணி. யாரும் தப்பு செய்யவில்லை.

ரயிலில் வரும்போது யோசித்தேன். பாய் காலத்தில் பத்துக்கு இறக்கி, பதினொன்றுக்குக் கட்டி, பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டார்கள். இப்போது ஐந்தரைக்கு இறக்குகிறோம். சாப்பிடுவது அதே பன்னிரண்டரை. ஏழு மணி நேரம். இறக்கியதிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதுதான் விதி.

லேபிள் மெஷின் என் மேசையில் இருக்கிறது. கட்டிய நேரத்திலிருந்து நான்கு மணி கூட்டி, 'இதற்குள் உண்ணவும்' என்று அடிக்கிறது. இறக்கிய நேரம் அதற்குத் தெரியாது. கீழே 'சரிபார்த்தவர்' என்று ஓர் இடம். அங்கே என் கையெழுத்து.

பாய் சாக்பீஸோடு சுற்றுவார். அண்டா மேலேயே நேரம் எழுதுவார். தாண்டினால் கொட்டச் சொல்லிக் கத்துவார். எல்லார் வேலையிலும் மூக்கை நுழைப்பார். எனக்கு அப்போது அவர் மேல் அவ்வளவு எரிச்சல்.

ஜூன் 19, வியாழன்

வெயில். கால் வலி. கவிதா புடவைக்கு நிறம் கேட்டு மூன்று மெசேஜ்.

கேலாங்கில் கட்டட வேலை நடக்கும் ஓர் இடத்துக்கு நேற்று மதியச் சாப்பாடு நாங்கள். ஆறு ஊழியர்களுக்கு வாந்தி என்று காலையில் ஃபோன். ஷமீமாவைத் தேடிப் போனேன்.

"வெயில்ல வச்சிருப்பாங்க லா. பேசிட்டேன்க்கா. கம்ப்ளெயின்ட் ரெண்டே மணி நேரத்துல க்ளோஸ்."

புகாருக்கும் இலக்கு உண்டு, ஒரே நாளில் முடிக்க வேண்டும். முடித்தாயிற்று, பச்சை. ஏன் வாந்தி எடுத்தார்கள் என்று கேட்பது யார் வேலை என்று படத்தில் பார்த்தேன். இல்லை.

ஏழு மணி நேரத்தைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள், எழுதிக்கூட வைத்துக்கொண்டாள். "குட் பாயின்ட்க்கா. செவ்வாய்க்கிழமை ரிவ்யூ மீட்டிங்ல கண்டிப்பா போட்டுடறேன்."

செவ்வாய்க்கு முன்னால் வெள்ளி இருக்கிறது, சனி இருக்கிறது, ஞாயிறு இருக்கிறது, திங்கள் இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

மார்க்கர் பேனா வாங்கிப் போனேன். சாம்பார் அண்டாவில் '5.30' என்று நானே எழுதினேன். கோவிந்தன் அண்ணன் துணியால் துடைத்துவிட்டார்.

"என் அண்டால நீ எதுக்கு எழுதற? மேடம் பாத்தா என் தலைலதான் விடியும்."

"அப்ப நாளைக்கு ஒம்பதுக்கு இறக்குங்கண்ணே."

"இறக்கறேன். எனக்கும் சிவப்பு, உனக்கும் சிவப்பு. வாங்கிக்கிறியா?"

மேசைக்குத் திரும்பிக் கையுறை மாட்டிக்கொண்டேன். கவிதா நிச்சயம்தான் மனதில் வந்தது. வெட்கமாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதத்தான் முடியும்.

ஜூன் 21, சனி

மூட்டம். காற்றே இல்லை.

இன்றைய ஆர்டர்: பள்ளி விடுமுறை முகாம், 160 பிள்ளைகள். நாசி லெமாக், முட்டை சம்பல், கோழி. சாப்பாடு 12.30.

அண்டா வந்தது ஆறுக்கு. தேங்காய்ப்பால் சோறு. மூடியைத் திறந்து முகர்ந்தேன். வாசம் நன்றாக இருந்தது. கெட்டிருந்தால் கொட்டியிருப்பேன், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. நன்றாக இருந்ததுதான் பயம்.

9.20க்கு எல்லாம் கட்டி முடித்தோம். லேபிள்: '1.20க்குள் உண்ணவும்'. கையெழுத்துப் போட்டேன். பச்சை.

12.00. டீ குடிக்க உட்கார்ந்தேன். ஒரு டப்பா மிஞ்சியிருந்தது. சாப்பிடலாம் என்று திறந்தேன். சோறு விரலில் நூல் போல ஒட்டிக்கொண்டு வந்தது. கெட்ட வாசம் இப்போதும் இல்லை, ஆனால் ஊசிவிட்டது.

12.05. சுரேஷுக்கு ஃபோன். "இறக்காத தம்பி. திருப்பிக் கொண்டு வா."

"என்னக்கா சொல்றீங்க? இறக்கியாச்சு. ஆன் டைம். கையெழுத்தும் வாங்கியாச்சு."

"மறுபடி ஏத்து."

"நீங்க சொல்லி நான் எப்படிக்கா? மேடம் சொல்லட்டும், அடுத்த நிமிஷம் ஏத்தறேன்."

12.10. ஷமீமா எடுக்கவில்லை.

12.14. எடுக்கவில்லை. புது கஸ்டமரோடு பேச்சாம், ஃபோன் சைலன்ட்டாம். ஆபீஸ் பெண் சொன்னாள்.

12.20. பாய்க்கு அடித்தேன். வீட்டில் யாரோ எடுத்தார்கள். முட்டி சிகிச்சைக்குப் போயிருக்கிறாராம், ஃபோனை வைத்துவிட்டு.

12.26. ஆர்டர் தாளில் முகாம் டீச்சரின் நம்பர் இருந்தது. கஸ்டமரிடம் நாங்கள் நேராகப் பேசக்கூடாது. வேலை போனால் போகட்டும் என்று அடித்தேன். எடுத்தார்.

"டீச்சர், அந்தச் சாப்பாட்டைக் குடுக்காதீங்க. யாரும் சாப்பிட வேணாம்."

பின்னால் ஒரே பிள்ளைகள் சத்தம்.

"ஹலோ? யாரு பேசறீங்க? எந்த டிபார்ட்மென்ட்?"

"பாக்கிங்."

"லேபிள்ல ஒன் ட்வென்ட்டி வரைக்கும் ஓகேன்னு போட்டிருக்கே. செக் பண்ணி சைன் கூட இருக்கு."

"அது நான் போட்ட சைன்தான் டீச்சர். தப்பு. நிறுத்துங்க."

அந்தம்மா குரல் சின்னதாகிவிட்டது.

"இன்னிக்கு சீக்கிரமே வந்திருச்சேன்னு, பசிக்குதுன்னு கேட்டாங்கன்னு... பன்னெண்டு மணிக்கே குடுத்துட்டோம்மா."