ஜீப் நின்றால் படிப்பும் நிற்கும்

அண்ணா,

கீழே ஜெனரேட்டரைக் கிளப்பப் பார்க்கிறார்கள். உறுமுகிறது, இருமுகிறது, அடங்கிவிடுகிறது. புகை வாடை மூன்றாவது மாடி வரை ஏறி வந்து, ஜன்னலைச் சாத்தியும் போகமாட்டேன் என்கிறது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றைக்கும் இதே கூத்துதான். வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை, அதனால் லிஃப்டும் இல்லை. சக்கர நாற்காலியில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினேன். "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார். நான் பொறுத்தேன். நீ பொறுக்காமல் போய்விட்டாய். எனக்கு உன்மேல் கோபம்தான் முதலில் வந்தது, அழுகை அப்புறம்தான்.

எஞ்சின் புகை மூக்கில் ஏறினால் எனக்கு மந்தைவெளி வீட்டின் பின்கட்டுதான் ஞாபகம் வரும். இளம்பிள்ளை வாதத்தில் கால் இரண்டும் சூம்பிய பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கன்னத்தில் கை வைத்த காலம். பஸ்ஸில் நான் ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். நீதான் ராணுவத்தில் கழித்துப்போட்ட ஒரு ஜீப்பை ஏலத்தில் பிடித்து, எனக்காகத் தாழ்வாக ஒரு படியைப் பற்றவைத்தாய். தினமும் அடையாற்றுக்கு அந்தப் பக்கம் என்னைக் கல்லூரியில் இறக்கிவிட்டு, தேனாம்பேட்டையில் உன் ஆபீசுக்கு அரக்கப்பரக்க ஓடுவாய்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "வண்டி ஓடுற வரைக்கும் படிக்கட்டும். வண்டி நின்னா படிப்பும் நிக்கும்." அவர் கையில் ஒரு வரன் தயாராக இருந்தது. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் உண்டு. என் காலைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை இல்லையாம். பெரிய மனசு! அடுப்படியில் நிற்க ஓர் ஆள் வேண்டும் அவருக்கு. அந்த ஆளால் நிற்க முடியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

கடைசி வருடப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அடையாறு பாலத்தின் நடுவே எஞ்சினுக்குள் ஏதோ இடித்தது, அலறியது, நின்றது. இறங்கிப் பார்த்தாய். எஞ்சினின் பக்கத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, ரோடெல்லாம் ஆயில். "செத்துடுச்சு" என்றாய். "எஞ்சினா, நானா?" என்று கேட்டேன். நீ வண்டியைத் தள்ள ஆரம்பித்தாய்.

பரீட்சைக்கு டாக்ஸியில் போகட்டுமே என்று அப்பாவிடம் கெஞ்சினாய். "நான் சொன்னது நம்ம வண்டி. வாடகை வண்டியை யார் கேட்டா?" என்றார். அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அன்று மாலையே அந்த வரன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்து, வேறொரு ஜீப்பிலிருந்து கழற்றிய எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். கூடவே ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வேலை செய்த உன் சிநேகிதன் துரையும் வந்தான். கிணற்றடியில் பழைய டயர் ஒன்றின்மேல் எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்கவைத்தீர்கள். அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து வெகுநேரம் முணுமுணுத்தாள். அப்பாவுக்கு எதிரே வாய் திறக்காத அம்மா நம் பக்கம் வந்துவிட்டாள் என்று நமக்கு ஒரே சந்தோஷம்.

மூன்று சவுக்குக் கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, சங்கிலிக் கப்பியை மாட்டி, செத்த எஞ்சினைத் தூக்கி வெளியே போட்டீர்கள். அது சுலபமாக வந்துவிட்டது. புதிதாக வந்தது உள்ளே இறங்கத்தான் அத்தனை அழும்பு செய்தது. கியர்பாக்ஸின் தண்டு கிளட்ச் தட்டின் நடு ஓட்டையில் நேராக நுழைய வேண்டும். மயிரிழை விலகினாலும் முட்டிக்கொண்டு நிற்கும். நீ வண்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்து, "தூக்கு... இறக்கு... டேய், இடது பக்கம்டா" என்று தொண்டை கட்டக் கத்துவாய். நான் முக்காலியில் உட்கார்ந்து போல்ட்டுகளைக் கொட்டாங்கச்சிகளில் பிரித்துப் போடுவேன். மடியில் கணக்குப் புத்தகம் திறந்தபடியே கிடக்கும். ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. உன் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்ததைப் பார்த்து, "விட்டுடுண்ணா" என்று ஒரு தடவை சொன்னேன். "நீ படி" என்று ஸ்பானரை ஓங்கினாய்.

எஞ்சின் உட்கார்ந்தது பரீட்சைக்கு முந்தின நாள். கிளப்புகிற கைப்பிடியை வண்டிக்கு முன்னால் செருகிச் சுற்றினாய். உயிர் வந்தது. நான் கையைத் தட்டி முடிப்பதற்குள் இருமிக்கொண்டு அடங்கியது. மறுபடி சுற்றினாய். மறுபடி அதே. பெட்ரோல் வருகிறதா பார்த்தீர்கள், வருகிறது. பிளக்கில் பொறி வருகிறதா பார்த்தீர்கள், அதுவும் வருகிறது. துரை தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா நைனா இது, எல்லாம் கரீக்டா கீது, மூச்சு மட்டும் நிக்க மாட்டேங்குது!" பொழுது சாய்ந்தபோது நீ மட்கார்டில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாய். உன் முதுகு குலுங்கியது. நீ அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எல்லாம் முடிந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விடிந்ததும் புடவை கட்டிக்கொண்டு, ஹால் டிக்கெட்டோடு ஓடாத ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். "இறங்கு" என்றார் அப்பா. "மாட்டேன். படிப்பு நிக்கணும்னா இங்கேயே நிக்கட்டும்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ மறுபடி கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாய். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, கட்டிய துணி நனைந்திருந்தது.

அப்போதுதான் அம்மா வந்தாள். கையில் காபி இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா வந்து நின்றாள்.

"நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லும்மா."

"இந்த எஞ்சின் வந்த அன்னைக்கே அம்மனுக்கு மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வெச்சேன். இவளுக்கு அந்த எடம் குதிரணும்னு. அவதான் வண்டியை ஓடவிடாம புடிச்சுக்கிட்டிருக்கா. உன் கையைப் பார்க்க முடியலப்பா. அந்த வேண்டுதல் வேணாம்னு அவகிட்ட சொல்லிட்டேன். அந்த முடிச்சை எடுத்துடு."

கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தாய். அம்மா நம் பக்கம் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சில் யாரோ உதைத்த மாதிரி இருந்தது.

"எங்கம்மா வெச்ச?" என்று கேட்டாய்.

"அதுலதான். மாடம் மாதிரி ஒரு ஓட்டை வானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சே. விழுந்துடாம நல்லா உள்ள தள்ளி வெச்சேன்."

துரை துள்ளிக் குதித்தான். "யம்மா! அது மாடம் இல்லமா, புகை போற வழிமா! இத்த அடைச்சுட்டு மூச்சு வுடுன்னா அது எங்கத்த வுடும்?"

படுத்துக் கிடந்தபோது வானத்தைப் பார்த்த வாய், எஞ்சினை நிமிர்த்தியதும் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அவசரத்தில் உள்ளே யாரும் பார்க்காமல் குழாயை மாட்டிவிட்டீர்கள். இப்போது குழாயைக் கழற்றி, வளைத்த கம்பியை விட்டு இழுத்தாய். பாதி கருகிய மஞ்சள் துணி வந்தது, உள்ளே காசு. கைப்பிடியை ஒரு சுற்றுதான் சுற்றினாய். தெருவே அதிர்ந்தது.

"பார்த்தியா, விட்டுட்டா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். துரை விளக்கம் சொல்ல வாயெடுத்தான். நீ அவன் காலை மிதித்தாய். கடைசி வரைக்கும் அம்மாவிடம் நீ அந்த விளக்கத்தைச் சொல்லவே இல்லை. எனக்கு மட்டும் வண்டியில் சொன்னாய்: "வேண்டிக்கிட்டது பெருசில்ல. அம்மா வேணாம்னு சொன்னா பாரு, அதான் பெருசு." அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. கோபம்தான் இருந்தது.

அப்பா பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "ஓடுதுல்ல? அப்புறம் ஏன் நிக்கிறீங்க, கிளம்புங்க" என்றார்.

குழாயைத் திரும்ப மாட்ட நேரமில்லை. பானெட்டும் இல்லை. வழியில் போனவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். போய்ச் சேர்ந்தபோது மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். இதற்குமேல் ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் உள்ளே விட்டிருக்க மாட்டேன் என்று மேற்பார்வை அம்மாள் கடிந்துகொண்டார். என் புடவையில் உன் ஐந்து விரலும் கிரீஸில் பதிந்திருந்தன.

எழுத ஆரம்பித்தேன். மதிலுக்கு வெளியே ஜீப் கத்திக்கொண்டே இருந்தது. "யாரும்மா அது?" என்றார் அந்த அம்மாள்.

"எங்க அண்ணன், மேடம்."

"அணைக்கச் சொல்லு."

"அணைச்சா மறுபடி கிளம்பாதுன்னு பயப்படறார், மேடம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்துபோய் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். அதையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது. மூன்று மணி நேரமும் நீ அணைக்கவில்லை. நான் எத்தனை மெதுவாக எழுதினாலும், வெளியே வந்தால் நீ இருப்பாய் என்று தெரிந்தது. அதன்பிறகு வேலைக்குப் போனபோதும், அப்பாவையும் அம்மாவையும் கடைசியாக வழியனுப்பிவைத்தபோதும், தனியாகவே இருந்துவிடுவது என்று முடிவு செய்தபோதும் அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். எனக்காக வெளியே ஒருவன் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறான் என்று. இப்போது வெளியே யாரும் இல்லை அண்ணா. எழுதி முடித்து வெளியே வந்தால் எப்படி வீட்டுக்குப் போவேன்?